தாத்தாவின் ரெக்கார்டில் பிசுபிசு பசை... சானிடைசரை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்!

குமணன்சாவடி சந்திப்பில் நின்று தலையைத் தூக்கினால் இப்போது கண்ணில் படுவது மெட்ரோ பாலமும் அதன் ராட்சதத் தூண்களும்தான். மவுன்ட் - பூந்தமல்லி சாலையின் இரண்டு பக்கமும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகள் எழும்புகின்றன. வீட்டை இடிப்பதற்கு முன் பரணைக் காலி செய்தாக வேண்டுமே! பித்தளை அண்டா, உடைந்த ஊஞ்சல் சங்கிலி, பழைய தீபாவளி மலர்கள்... இவற்றுக்கு அடியில் சில வீடுகளில் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். திறந்தால் உள்ளே கறுப்புக் கறுப்பாக ரெக்கார்டுகள்.

அதை என்ன செய்வது என்று தெரியாமல், மூன்று சக்கர வண்டியில் வரும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுபவர்கள் உண்டு. கொஞ்சம் ஆசை இருப்பவர்கள், 'துடைத்து வைப்போம், ஒரு பிளேயர் வாங்கிக் கேட்கலாம்' என்று உட்காருவார்கள். ரெக்கார்டுகளுக்கு உண்மையான ஆபத்து இந்த இரண்டாவது வகையினரிடம்தான். பேப்பர்காரரிடம் போன தட்டையாவது சேகரிப்பாளர் யாராவது தேடிப்பிடித்து மீட்டுவிடலாம். தவறான திரவத்தால் துடைக்கப்பட்ட தட்டை யாராலும் மீட்க முடியாது.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

"தாத்தா, இந்த ரெக்கார்டுல என்னவோ ஸ்டிக்கர் ஒட்டிக் கிழிச்ச மாதிரி பிசுபிசுன்னு இருக்கு. சானிடைசர் போட்டுத் துடைச்சிடவா?"

"துடைச்சிடு கண்ணு. அழுக்குப் போனா சரி."

பேத்தி பஞ்சில் சானிடைசரை நனைத்துத் தேய்க்கிறாள். பஞ்சு கறுப்பாகிறது. 'அடேயப்பா, எவ்வளவு அழுக்கு!' என்று இன்னும் அழுத்தித் தேய்க்கிறாள். பஞ்சில் ஏறுவது அழுக்கு அல்ல. அது அந்தத் தட்டே. அதில் பதிந்திருக்கும் பாட்டும் சேர்ந்துதான் பஞ்சில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அரக்கா... வினைலா?

நாம் பொதுவாக 'ரெக்கார்டு' என்று சொல்வதில் இரண்டு வேறு வேறு சாதிப் பொருள்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய கிராமபோன் தட்டு பிளாஸ்டிக்கே அல்ல. அது அரக்கு. மகாபாரதத்தில் பாண்டவர்களைக் கொளுத்தப் பார்த்தார்களே, அந்த அரக்கு மாளிகையின் அரக்குதான். பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் வாழும் ஒரு குட்டிப் பூச்சி சுரக்கிற பிசின். ஜார்க்கண்ட் பக்கம் இன்றும் அதைச் சேகரிக்கிறார்கள். அந்தப் பிசினோடு கல் தூள், பருத்தி இழை, கறுப்புக்காகக் கரித்தூள் எல்லாம் கலந்து, சூட்டில் அழுத்தி எடுத்ததுதான் 78 தட்டு.

உலகம் முழுக்கப் பாட்டுக் கேட்டது நம் நாட்டுப் பூச்சியின் புண்ணியத்தில் என்று சொன்னால் மிகையில்லை. இரண்டாம் உலகப் போர் வந்து கப்பல் போக்குவரத்து தடுமாறியபோது, 1942-ல் அமெரிக்க அரசு ரெக்கார்டு கம்பெனிகள் பயன்படுத்தும் அரக்கின் அளவைக் கடுமையாக வெட்டியது. 'பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதிய தட்டு' என்று கடைகளில் கேட்கும் நிலைமை. கொடுத்த பழைய தட்டுகளை உருக்கிப் புதுப் பாட்டு பதிந்தார்கள்.

1948-ல் அமெரிக்காவில் எல்.பி. ரெக்கார்டு வந்தது. இது பி.வி.சி. குடும்பத்தைச் சேர்ந்த வினைல் பிளாஸ்டிக். 33⅓ வேகத்தில் ஓடும் பெரிய எல்.பி., 45 வேகத்தில் ஓடும் சின்ன ஈ.பி. இரண்டும் இந்த வகை.

இதில் நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மேலை நாடுகளில் 78 தட்டு விடைபெற்ற பிறகும், கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலையில் அது அச்சாகிக்கொண்டே இருந்தது. 1960-களின் நடுப்பகுதியில் பீட்டில்ஸ் பாடல்களைக்கூட 78 தட்டில் போட்டு விற்ற நாடு இது. அந்தத் தட்டுகளுக்கு இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் மத்தியில் தனி மவுசு. ஆகவே, 'இது எம்.ஜி.ஆர். படப் பாட்டு, 60-கள் காலம், அதனால் பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும்' என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்தக் காலத்துப் பாட்டு அரக்குத் தட்டாகவும் வந்திருக்கலாம், வினைல் ஈ.பி.யாகவும் வந்திருக்கலாம். படத்தின் பெயர் உங்களுக்கு உதவாது. தட்டைத்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் 78 என்று போட்டிருக்கிறதா? அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண் அழிந்து போயிருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். அரக்குத் தட்டு அதன் அளவுக்கு மீறிய கனமாகவும் தடிமனாகவும் இருக்கும். விளிம்பை நகத்தால் லேசாகச் சுண்டினால் பீங்கான் தட்டு மாதிரி கணீரென்று கேட்கும். வினைல் 'டப்' என்று மந்தமாக ஒலிக்கும். வினைல் லேசாக வளைந்து கொடுக்கும். இதைச் சோதிப்பதற்காக 78 தட்டை வளைத்துப் பார்க்க வேண்டாம், அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.

அரிதாக மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. நடு ஓட்டையிலோ விளிம்பிலோ அலுமினியம் பளபளப்பது தெரிந்தால், அது ஸ்டூடியோக்களிலும் வானொலி நிலையங்களிலும் நேரடியாகப் பதிவு செய்யப் பயன்பட்ட பூச்சுத் தட்டு. அதில் கையே வைக்காதீர்கள். பூச்சு உரிந்து வந்துவிடும். பெரும்பாலும் உலகத்திலேயே அந்தப் பதிவுக்கு வேறு பிரதி இருக்காது.

தச்சருக்குத் தெரிந்த வேதியியல்

அரக்கு எதில் கரையும் என்பதை நம்மூர் தச்சர்களிடம் கேட்டால் சட்டென்று சொல்வார்கள். பழைய தேக்குக் கதவுக்கும் பீரோவுக்கும் பாலிஷ் போட, செதில் செதிலான அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போடுவார்கள். மறுநாள் பார்த்தால் முழுக்கக் கரைந்து தேன் நிறத்தில் இருக்கும். ஸ்பிரிட் என்பது ஆல்கஹால். கொரோனாவுக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் குடியேறிவிட்ட சானிடைசரில் பாதிக்கும் மேல் இருப்பதும் ஆல்கஹால்தான். ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட், ஷேவிங்குக்குப் பின் போடும் லோஷன், சென்ட் எல்லாமே அதே குடும்பம். 78 தட்டில் இவற்றில் ஒன்று பட்டால், பாலிஷ் டப்பாவில் நடப்பதுதான் தட்டின் மேலும் நடக்கும்.

காரமும் அரக்குக்கு எதிரி. துணி துவைக்கும் சோப்புத் தூள், வாஷிங் சோடா, வெண்காரம், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் வேண்டாம். நீல நிறத்தில் பளிச்சென்று இருக்கிறதே என்று கண்ணாடி ஸ்பிரேயை எடுத்து அடிப்பவர்கள் பலர். அம்மோனியா, ஆல்கஹால் இரண்டில் ஒன்றாவது அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

வினைல் இந்த விஷயத்தில் கொஞ்சம் தைரியசாலி. தண்ணீர் கலந்து நீர்த்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சில நொடிகள் தாங்கும். ஆனால் அதற்கும் எதிரிகள் உண்டு. நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன், பெயின்டருடைய தின்னர் இரண்டும் வினைலை இளக்கி உப்பவைக்கும். ஒரு துளி விழுந்த இடம்கூட மங்கிப்போகும். அங்கே முள் வரும்போதெல்லாம் 'கர்ர்' என்று இரையும். பெட்ரோலும் கூடாது. அது ஒரே பொருள் அல்ல, பலவற்றின் கலவை. எது எதை என்ன செய்யும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மண்ணெண்ணெய் தன் பங்குக்கு எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுச் செல்லும்.

எவர்சில்வர் வைத்தியம் இங்கே எடுபடாது

புது எவர்சில்வர் தட்டு வாங்கி வந்தால் அதன் ஸ்டிக்கரை எப்படி எடுப்பது என்று நம் வீட்டு அம்மாக்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடுப்பு மேல் லேசாகக் காட்டுவார்கள், பசை இளகி ஸ்டிக்கர் உரிந்து வரும். மிச்சத்துக்குத் தேங்காய் எண்ணெய். அதற்கும் மசியாவிட்டால் நீலகிரித் தைலம். கடைசி ஆயுதம் தேங்காய் நார். எவர்சில்வருக்கு இவை நான்கும் அருமையான வைத்தியம். ரெக்கார்டுக்கு நான்கும் ஆகாது.

சூட்டிலிருந்து தொடங்கலாம். வினைல் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். சித்திரை மாத வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுச் சென்ற எல்.பி., திரும்பி வரும்போது அப்பம் மாதிரி வளைந்திருக்கும். ஹேர் டிரையரைக் காட்டினால் பசை இளகும் முன்பே தட்டு நெளிந்துவிடும் ஆபத்து உண்டு.

எண்ணெய் கதையே வேறு. எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருக்கும் பள்ளக் கோட்டைப் பிரித்து நீட்டினால் கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளும். அதன் அகலமோ ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. 'வி' எழுத்து போல வெட்டப்பட்ட அந்தப் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் உள்ள நெளிவுகள்தான் பாட்டு. அதற்குள் தேங்காய் எண்ணெய் இறங்கினால் பசை இளகுவது உண்மைதான். ஆனால் எண்ணெயும் இளகிய பசையும் சேர்ந்த குழம்பு பள்ளத்துக்குள் தங்கி, அறையில் பறக்கும் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். முள் அதன் மேல் ஓடும்போது பசையை இழுத்துக்கொண்டே போய், நன்றாக இருந்த இடத்திலும் அப்பிவிடும். பசையோடு ரெக்கார்டை ஓடவிடவே கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

நீலகிரித் தைலம் சில பிளாஸ்டிக்குகளையே கரைக்கும். நார், பல் துலக்கும் பிரஷ், பிளேடு, விரல் நகம் ஆகியவற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

இணையத்தில் வீடியோக்களைப் பார்த்து ஃபெவிகால் போன்ற பசையை ரெக்கார்டு முழுக்கத் தடவி, காய்ந்ததும் தோல் மாதிரி உரித்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்க ஆனந்தமாகத்தான் இருக்கும். வினைலில் அது தூசியை எடுக்கும், ஒட்டிய பசையை எடுக்காது. அரக்குத் தட்டில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். பசையை எடுக்கப் பசை பூசுவது ஒரு சுற்றுவழி, அவ்வளவுதான்.

மைக் செட்டும் மைதா பசையும்

சரி, ரெக்கார்டில் எப்படிப் பசை வந்தது? அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டில் ரெக்கார்டுகளை அதிகமாகப் புழங்கியவர்கள் வீட்டுக்காரர்கள் அல்ல, மைக் செட்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா என்று எது நடந்தாலும் மரக்கிளையில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, சாயந்திரம் 'திருவிளையாடல்' வசனம். கூட்டத்துக்கு நடுவே அவசரத்தில் தட்டைத் தேடி எடுக்க வேண்டும் என்பதால் லேபிளில் எண் எழுதிய சீட்டை ஒட்டிவைப்பார்கள். அருகிலேயே 'இன்னார் சவுண்ட் சர்வீஸ்' என்று ரப்பர் ஸ்டாம்ப் முத்திரை. கிழிந்த உறைக்கு செல்லோ டேப். கைமாறி, பழைய சாமான் கடைக்கு வந்த தட்டில் விலைச் சீட்டு. 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட், பழைய புத்தகங்களுக்கு மட்டுமல்ல, பழைய ரெக்கார்டுகளுக்கும் பேர்போன இடம். அங்கிருந்து வந்த தட்டுகள் இன்னும் சென்னையின் பரண்களில் இருக்கின்றன.

எண் சீட்டுகளை ஒட்டியது பெரும்பாலும் மைதா பசை, அல்லது பாட்டில் கோந்து. இரண்டும் தண்ணீருக்குக் கரைபவை. செல்லோ டேப், ஸ்டிக்கர் பசை இரண்டும் தண்ணீருக்கு அசையாதவை. புதிதில் மெதுவாக இருக்கும். பிறகு எண்ணெய் மாதிரி கசிந்து பரவும். 30, 40 வருடம் ஆனால் பழுப்பு நிறத்தில் கெட்டிப்பட்டு ஓடு மாதிரி ஆகிவிடும். கசிகிற பருவத்தில் எடுப்பது சுலபம். கெட்டிப்பட்டதை ஒரே நாளில் எடுக்க நினைப்பதுதான் பல தட்டுகளைக் கெடுத்திருக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி. பசை எங்கே இருக்கிறது? நடுக் காகித லேபிளின் மேல் மட்டும் என்றால் விட்டுவிடலாம். அங்கே முள் போவதில்லை, பாட்டுக்குக் கெடுதல் இல்லை. மைக் செட்காரரின் சீட்டையும் முத்திரையையும் அழிப்பதில் லாபமும் இல்லை. அந்தத் தட்டு எந்த ஊரில், யார் கையில் இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. 'கிளீனாக' இருக்கட்டும் என்று அதைச் சுரண்டுவது, பழைய பத்திரத்தில் முத்திரையைச் சுரண்டுவது போன்ற வேலை. பள்ளக் கோடுகளின் மேல் இருக்கும் பசையை மட்டும் கவனித்தால் போதும்.

துடைக்கும் முறை

முதல் தேவை தண்ணீர். அதிலும் நல்ல தண்ணீர். குமணன்சாவடியோ அம்பத்தூரோ ஆவடியோ, போர் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ரெக்கார்டின் பள்ளத்திலும் படியும். பேட்டரிக் கடைகளில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் இதற்குப் பொருத்தம். லேபிளைப் படித்து வாங்குங்கள். பேட்டரி ஆசிட்டும் அதே கடையில்தான் இருக்கும்! அது கிடைக்காவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர்.

பிறகு, அரை லிட்டர் தண்ணீருக்கு ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவம். கூடுதலாகப் போட்டால் கூடுதலாகச் சுத்தமாகாது, அலசத்தான் கஷ்டம். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மைக்ரோ ஃபைபர் துணி நான்கைந்து. காது குடையும் பட்ஸ் சில. பள்ளத்தின் ஓரம் பஞ்சு சிக்கினால் நிறுத்திவிட்டுத் துணிக்கு மாறிவிடுங்கள்.

முதலில் மென்மையான, காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். தூசியோடு ஈரத்துணி போட்டுத் தேய்ப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் இந்த வேலையை வாசலிலோ மொட்டை மாடியிலோ, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் வர வேண்டாம்.

அடுத்து ஒரு பரிசோதனை. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். எந்தத் திரவமானாலும் முதல் துளி அங்கேதான். வெள்ளைத் துணியில் கறுப்பு ஏறினாலோ, அந்த இடம் மங்கினாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இனி பசை. எதுவாக இருந்தாலும் சோப்புத் தண்ணீரில் தொடங்குவதே முறை. துணியை நனைத்துப் பிழிந்து, பசை உள்ள இடத்தில் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். மைதா பசை என்றால் வழவழவென்று ஆகிக் கிளம்பிவிடும். துடைக்கும்போது பள்ளக் கோடு ஓடும் திசையிலேயே, வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே இழுக்கக் கூடாது. அரக்குத் தட்டாக இருந்தால் ஒற்றி வைக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள், உடனே உலர்த்துங்கள். அதில் உள்ள பருத்தி இழையும் தூளும் ஈரத்தைக் குடிக்கும். விளிம்பில் விரிசல் இருந்தால் இன்னும் கவனம். எந்தத் தட்டையும் வாளியில் ஊறப்போடும் பேச்சே வேண்டாம், லேபிள் உரிந்துவிடும்.

தண்ணீருக்கு மசியவில்லை என்றால் அது டேப் அல்லது ஸ்டிக்கர் பசை. அதற்கு ஏற்றது நாஃப்தா. சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவமாகக் கடைகளில் கிடைக்கும். ரப்பர் வகைப் பசையைக் கரைக்கும், வினைலைச் சேதப்படுத்தாது, அரக்கையும் கரைக்காது, எண்ணெய் தங்காமல் ஆவியாகிவிடும். இரண்டு வகைத் தட்டுக்கும் பொதுவான மருந்து என்றால் இது ஒன்றுதான். ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். சமையலறையில் வைத்துச் செய்யக் கூடாது. சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. துடைத்த துணியைக் குப்பைக் கூடையில் திணிக்காமல், வெளியே காற்றாட விரித்து உலரவிட்டுப் பிறகு போடுங்கள்.

துணியின் நுனியில் சில துளிகள் போதும். தட்டின் மேல் நேரடியாக ஊற்றக் கூடாது, லேபிளில் படவும் கூடாது. பசையின் மேல் பத்துப் பதினைந்து நொடி ஒற்றி, கோடு ஓடும் திசையில் ஒரே ஒரு இழுப்பு. உடனே துணியின் வேறு சுத்தமான பகுதிக்கு மாறுங்கள். இதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். அதே அழுக்கு நுனியால் திரும்பவும் தேய்த்தால், எடுத்த பசையைப் பக்கத்துப் பள்ளத்தில் பரப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பசை கெட்டிப்பட்டிருந்தால் இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று எடுங்கள். அவசரப்பட்டு நகத்தை வைக்காதீர்கள்.

நாஃப்தா கிடைக்காதவர்கள், வினைலுக்கு மட்டும், ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு நான்கு பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். ஆவணக் காப்பகங்களில் சிலர் இதைக்கூட ஒப்புக்கொள்வதில்லை, ஆல்கஹால் கலக்காத மென்மையான கழுவு திரவமே போதும் என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்து கொடுத்த 45 தட்டாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே பல சின்னத் தட்டுகளை வினைலுக்குப் பதில் பாலிஸ்டைரீனில் போட்டிருக்கிறார்கள். அதில் ஆல்கஹாலும் நாஃப்தாவும் வேண்டாம், சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பசை போனதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. மறுபடி ஒருமுறை சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை. சோப்பு தங்கினால் அதுவும் முள்ளில் திரளும். உலர்த்த, சமையலறையில் தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துவோமே, அந்த ஸ்டாண்டு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும். கம்பியில் கீறாமல் இருக்க மெல்லிய துணி சுற்றிக்கொள்ளுங்கள். நிழலில் வையுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் தூசிதான் சேரும்.

ஏன் இவ்வளவு பாடு?

யூடியூபில் எல்லாம் இருக்கும்போது இந்தப் பழைய தட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெரிய படங்களின் பாடல்களுக்கு அது பொருந்தும். ஆனால் எல்லாத் தட்டுகளுக்கும் பொருந்தாது.

எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல், 27 வயதில் காலமானார். சினிமாவில் அவர் நடித்ததே இல்லை. அந்தக் குரலை இன்று நாம் கேட்க முடிகிறது என்றால் காரணம் 78 தட்டுகள்தான். வீணை தனம்மாள், நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை என்று அந்தத் தலைமுறையின் இசை பெருமளவு தங்கியிருப்பது மூன்று, மூன்றரை நிமிடத் தட்டுகளில். ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு வரும் முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் ரெக்கார்டுகளைக் கொண்டுவந்தவர். அந்தக் காலத்தில் முழு நாடகத்தையும் பல தட்டுகளில் பதிந்து ஒரு செட்டாக விற்றார்கள். அந்த செட்டுகள் ஒவ்வொன்றும் முழுமையாக எங்கேயோ பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்தால் தவறு. ஓடியன் தட்டுகளை மின்னணு வடிவத்துக்கு மாற்ற பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோடு ஒரு திட்டம் நடந்தபோது, தட்டுகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது தனிப்பட்ட சேகரிப்பாளர்களின் வீடுகளுக்குத்தான். ஒரு தட்டு ஒரு வீட்டில் இருக்கும், அதன் ஜோடி வேறு ஊரில் இருக்கும்.

ஆகவே, பெட்டியில் கேள்விப்படாத பெயர், நாடகப் பாட்டு, அரசியல் பேச்சு, உள்ளூர் நாகஸ்வரம் என்று ஏதாவது இருந்தால், துணியை எடுப்பதற்கு முன் செல்போனை எடுங்கள். லேபிளின் இரண்டு பக்கத்தையும் எண்கள் தெளிவாகத் தெரியும்படி படம் பிடித்து, விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாத்துவருகிறது. பசை அதிகமாக ஒட்டிய அரிய தட்டை நீங்களே பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வதைவிட, அப்படியே வைத்திருந்து கேட்பது மேல்.

திரும்ப வைக்கும்போது

பழைய பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பி.வி.சி. உறைக்குள் பல வருடம் இருந்த எல்.பி.யில் புகைபோல ஒரு படலம் படியும். அது பசை அல்ல, உறையிலிருந்து கசிந்த வேதிப்பொருள். பல சமயம் எதற்கும் போகாது. காகித உறையோ, பாலிதீன் உள்ளுறையோ போதும். கிழிந்த அட்டையை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். நாற்பது வருடம் கழித்து உங்கள் பேரன் அதே பசையோடு மல்லுக்கட்டுவான். அந்துருண்டையையும் பெட்டிக்குள் போட வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ரெக்கார்டுகளைப் புத்தகம்போல நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் அடியில் இருப்பவை வளையும். பரண் வேண்டாம். சென்னை வெயிலில் கான்கிரீட் தளத்தை ஒட்டிய பரண் ஓர் அடுப்பு.

பிளேயரில் வைக்கும்போதும் அரக்கு, வினைல் வித்தியாசத்தை மறக்காதீர்கள். பழைய கிராமபோனின் இரும்பு ஊசியை எல்.பி.யில் வைத்தால் உழுதுவிடும். எல்.பி.க்கான நுண்ணிய முள்ளை 78 தட்டில் வைத்தால், அகலமான பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் அது வாசிக்கும். 78-க்கென்று தனி முள் கிடைக்கிறது.

தட்டு முழுக்க உலர்ந்த பிறகு முதல் பக்கத்தை ஓடவிடுங்கள். முடிந்ததும் முள்ளின் நுனியை செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் ஏதாவது திரண்டிருந்தால் பள்ளத்தில் இன்னும் பசை இருக்கிறது. முள்ளைச் சுத்தம் செய்துவிட்டு, தட்டை இன்னொரு முறை சோப்புத் தண்ணீரில் துடைத்து எடுங்கள்.